சிலிகான் மோல்டுல கேக் வெளிறிப்போய் வருது, வாடையும் அடிக்குது, என்ன பண்றது?

கேள்வி:
இவ்ளோ நாளா அலுமினிய டின்லதான் கேக் போட்டுட்டு இருந்தேன், இப்போ சிலிகான் மோல்டு வாங்கியிருக்கேன். அதே மாவு, அதே 180 டிகிரி, ஆனா ஓரமெல்லாம் வெள்ளையா ஈரமா இருக்கு, நடுவுல வேகறதுக்கும் ரொம்ப நேரமாகுது. முதல்ல சூடானப்போ ஒரு வாடை வேற வந்துச்சு. எவ்ளோ கழுவினாலும் பிசுபிசுன்னே இருக்கு. குழந்தைங்க சாப்பிடறதாச்சே, சூட்டுல உருகி கேக்குல ஏதாவது இறங்கிடுமா?

பதில் 1:
வெளிறிப்போறது உங்க கைப்பக்குவத்துல வர்ற குறை இல்லங்க. அலுமினியம் சூட்டை உடனே மாவுக்கு கடத்திடும், சிலிகான் அப்படி கடத்தாது, அதனாலதான் ஓரம் செவக்காம மெத்துன்னு வருது. சூட்டை ஏத்தாதீங்க, நேரத்தை கூட்டுங்க, குச்சி விட்டு பாத்து மாவு ஒட்டாம வந்தா எடுங்க. மோல்டை முதல்லயே கம்பி ரேக்கு மேலயோ ஓட்டை போட்ட டிரே மேலயோ வச்சிட்டு அப்புறமா மாவை ஊத்துங்க, இல்லன்னா தூக்கும்போது வளைஞ்சு மாவு ஒரு பக்கமா சரிஞ்சிடும். கனமான டிரேன்னா அடியில சூடு ஏற இன்னும் லேட்டாகும். வெந்ததும் உடனே கவுக்காதீங்க, பத்து நிமிஷம் ஆறவிட்டு ஓரத்தை சுத்தி மெதுவா வெளிப்பக்கமா இழுத்துட்டு, அப்புறம் கவுத்து அடியை அமுக்குனா முழுசா வந்துடும். கத்தி மட்டும் வேணாம்.

பதில் 2:
உருகாதுங்க, பயப்படாதீங்க. சிலிகான்ங்கறது சிலிக்கான்ங்கற தனிமமும் ஆக்சிஜனும் மாறி மாறி கோத்த சங்கிலி, சாதாரண பிளாஸ்டிக் மாதிரி இளகி ஓடாது. ஆனா புது மோல்டுல சங்கிலியில சேராத சின்னச்சின்ன துண்டுங்க (சிலாக்சேன்னு பேரு) மிச்சம் இருக்கும், சூட்டுல ஆவியா போறது அதுதான், நெய் வெண்ணெய் ஜாஸ்தி உள்ள மாவுக்குள்ளயும் கொஞ்சம் இறங்கும். அதுக்காகத்தான் நல்லா தயாரிக்கிறவங்க 200 டிகிரியில 4 மணி நேரம் வாட்டி எடுப்பாங்க. ஜெர்மனியில உணவுப் பாதுகாப்பைப் பாக்கற பிஎஃப்ஆர்ங்கற அரசு நிறுவனமும் அதே சூடு அதே நேரம் வச்சு பாத்தா எடை 0.5 சதவீதத்துக்கு மேல குறையக்கூடாதுன்னு சொல்லுது. வீட்டுல நீங்க பண்ண வேண்டியது, நல்லா கழுவி காயவச்சு, ஜன்னலைத் திறந்து வச்சிட்டு காலி மோல்டை ஓவன்ல வச்சு சூடுபண்ணுங்க, லேபிள்ல போட்ட டிகிரிக்கு கீழயே இருக்கட்டும். அதுக்கப்புறமும் வாடை போகலன்னா குழந்தைங்களுக்கு அதுல பண்ணாதீங்க, திருப்பிக் குடுத்துடுங்க. ஓடிஜின்னா (மேலயும் கீழயும் கம்பி சூடாகற சின்ன ஓவன்) மேல் கம்பிகிட்ட வைக்காதீங்க, கிரில் மோடும் கூடவே கூடாது, அந்த இடத்துல டயல் காட்றதை விட சூடு எகிறிடும்.

பதில் 3:
பிசுபிசுப்பு பழைய எண்ணெய்ங்க. மெல்லிசா ஒட்டின எண்ணெய் திரும்பத் திரும்ப சூடாகி பசை மாதிரி ஆயிடுது, ஸ்ப்ரே எண்ணெய்னா இன்னும் மோசம். பேக்கிங் சோடாவை கொஞ்சம் தண்ணி விட்டு கெட்டியா குழைச்சு தடவி ஊறவிட்டு, வெந்நீர்ல ஸ்பாஞ்சு வச்சு தேய்ங்க, கம்பி நார் வேணாம். சோப்பும் வாசனை கம்மியா இருக்கறதா பாருங்க, சிலிகான் அந்த வாசத்தை இழுத்து வச்சுக்கும், அடுத்த கேக்குல சோப்பு வாசம் அடிக்கும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. ஓரம் நல்லா செவந்து மொறுமொறுன்னு வேணும்னா சிலிகான்ல வழியே இல்லையா?

பதில் 1:
அதுக்கு டின்தான் சரிங்க. கருப்பு கலர் மோல்டுல கொஞ்சம் கூட செவக்கும், ஆனாலும் டின் அளவுக்கு வராது. மஃபின், சீஸ்கேக், சாக்லேட் ஊத்தி ஃப்ரீசர்ல வைக்கிறது, இதுக்கெல்லாம் சிலிகானை வச்சுக்கோங்க.