ட்ராப் பார் டேப்: கொழும்பு வெக்கைக்கு எது தாங்கும்?

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன். விடிய மரைன் டிரைவ் பக்கம் சைக்கிள் ஓடுவேன், சனி ஞாயிறில் பாணந்துறை வரைக்கும். சைக்கிள் ட்ரெக் டொமானே ஏஎல் 2, கீழே வளைந்த (ட்ராப் பார்) அலுமினிய ஹேண்டில்பார்.

பிரச்சினை பார் டேப்தான், அதாவது ஹேண்டில்பாரில் சுற்றும் நாடா. மார்கழியில் புதிதாகச் சுற்றினேன், மாசிக்குள் பிரேக் ஹூட்டுக்கு (பிரேக் பிடியின் ரப்பர் உறை) பக்கத்தில் நழுவி, கறுப்புப் பசை வெளியே கசிந்து கையில் ஒட்டுகிறது. வேர்வையோடு சேர்ந்தால் பிடியே நிற்காது. அதோடு, ஒரு மணித்தியாலம் ஓடினால் சின்ன விரலும் மோதிர விரலும் விறைத்துப் போகின்றன, இதுதான் எனக்குப் பெரிய கவலை.

பழைய பசையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கீழ் முனையில் தொடங்கி வெளிப்பக்கமாக நல்லா இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறச் சுற்றிப் பார்த்தேன். ஹூட்டைச் சுற்றி எட்டுப் போலவும் போட்டேன், முடிவில் இன்சுலேஷன் டேப். கொஞ்ச நாள் நின்றது, பிறகு அதே கதை. ஜெல் கையுறையும் வாங்கினேன், விறைப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. சீட்டின் உயரத்தையும் சாய்வையும் கடையில் சரிபார்த்தாயிற்று.

இதுவரை போட்டது 2.5 மில்லிமீட்டர் கார்க் கலந்த டேப். டாம் வீதி சைக்கிள் கடைகளில் கேட்டால் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பானதை எடுக்கச் சொல்கிறார்கள், ஆனால் என் கை சின்னது, பார் மொத்தமாகிவிட்டால் கீழே பிடிக்கிறது கஷ்டம்.

இந்த வேர்வைக்கும் கடல் உப்புக்காற்றுக்கும், பசை இல்லாமல் பின்பக்கம் சிலிக்கோன் ஜெல் உள்ள பாலியூரித்தேன் டேப்பை 2.5 மில்லிமீட்டரிலேயே எடுக்கலாமா, இல்லை 3 மில்லிமீட்டருக்குத்தான் போக வேண்டுமா?