தடைக்காலத்துக்கு வாங்கி வைத்த வஞ்சிரம் பஞ்சாகிவிட்டது, எங்கே தப்பு?

மஞ்சக்குப்பம் மருமகள்:
ஏப்ரல் 15-க்கு அப்புறம் மீன்பிடித் தடை வந்து விலை ஏறிவிடுமே என்று கடலூர் முதுநகரில் மூன்று கிலோ வஞ்சிரம் வாங்கி, துண்டு போட்டு, கொடுத்த கருப்புப் பையிலேயே முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் தள்ளிவிட்டேன். நேற்று எடுத்தால் மொத்தமும் ஒரே பாறாங்கல், உலக்கையை எடுக்காத குறைதான். ஓரத்துத் துண்டுகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. குழம்பு வைத்தேன், மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "இது மீனா, பஞ்சா?" என்கிறார். கெட்டுப்போச்சா? மிச்சத்தைத் தூக்கிப் போடவா?

தேங்காய்த்திட்டு:
கெடவில்லை அக்கா, காய்ந்துவிட்டது. பைக்குள் காற்று இருந்தால் மீனிலுள்ள ஐஸ் தண்ணீராகாமலே ஆவியாகிப் போய்விடும், அந்த இடம்தான் வெள்ளைத் திட்டு. இன்னொன்று, மூன்று கிலோவும் ஒரே கட்டியாக இருந்தால் நடுப்பகுதி உறைய ரொம்ப நேரமாகும், மெதுவாக உறைகிற மீனில் ஐஸ் பெரிது பெரிதாக வளர்ந்து சதையைக் கிழித்துவிடும், அப்புறம் பஞ்சாகாமல் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் கழுவி, துணியில் ஈரம் ஒற்றி, ஒரு வேளைக்கு ஆகிற ஐந்தாறு துண்டை மட்டும் ஜிப் கவரில் ஒரே அடுக்காகப் பரப்புவோம். கவரை வாய் மட்டும் வெளியே இருக்கிற மாதிரி வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் காற்று தானாக வெளியேறிவிடும், உடனே மூடிவிட வேண்டியதுதான். இறால் என்றால் தலையைக் கிள்ளிவிட்டு டப்பாவில் மூழ்கத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். இப்போது இருப்பதில் திட்டை அரிந்து போட்டுவிட்டு மீதியைப் புட்டு பண்ணிவிடுங்கள், யாருக்கும் தெரியாது.

கவளைப் பைத்தியம்:
வஞ்சிரத்துக்கே இப்படியென்றால் கவளை, கானாங்கெளுத்தி எல்லாம் நினைத்தே பார்க்காதீர்கள். எண்ணெய் மீன், ஃப்ரீசரிலும் சிக்கு வாடை வந்துவிடும், இரண்டு மூன்று மாதம்தான் கணக்கு. அப்புறம் அவசரத்துக்கு மேடையில் வெளியே வைத்து இளக்காதீர்கள், முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள்.

முத்தியால்பேட்டை:
2011 தானே புயலில் கரண்ட் போய் மொத்தச் சரக்கையும் குப்பையில் கொட்டினவன் நான். நிரம்பிய ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் 48 மணி நேரம் தாங்கும், பாதிதான் இருக்கிறதென்றால் 24. நான் மணிக்கொரு தரம் திறந்து திறந்து பார்த்தேன், புத்தி! இப்போது ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு ரூபாய் காசு வைத்திருக்கிறேன். ஊருக்குப் போய்வந்து பார்க்கும்போது காசு அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், யோசிக்காமல் கொட்டிவிடுவேன்.

மஞ்சக்குப்பம் மருமகள்:
சரி, புட்டுதான். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும் என்கிறார்களே, எங்கள் ஃப்ரிட்ஜில் 1 முதல் 5 வரைதானே இருக்கிறது?

தேங்காய்த்திட்டு:
அது டிகிரி இல்லை அக்கா, பெரும்பாலும் நம்பர் கூடினால் குளிர் கூடும். ஐஸ்கிரீம் வைத்துப் பாருங்கள். மறுநாள் ஸ்பூன் சுலபமாக இறங்கினால் மீனுக்கு அந்தக் குளிர் பத்தாது.