இடுப்புத் தோலில் வளர்ந்தது முகத்தில் வளரவில்லை

எங்கள் வீட்டுப் பெண்கள் 11 பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன சனிக்கிழமை அதில் கதைத்ததை எல்லோரிடமும் கேட்டுவிட்டு, பெயர்களை எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன். நான் வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் உள்ள கிறீமை முகத்தில் பூசினால் கொலாஜன், அதாவது தோலை இறுக்கிப் பிடிக்கும் நார், வளருமா? சித்திக்கு வந்த இந்தக் கேள்வி கடைக்கு வருபவர்களும் அடிக்கடி கேட்பதுதான். இதில் தங்கச்சி என்பது சித்தியின் மகள்.

சனி, காலை 8.52

மாமி: பெரிய மச்சாள், என்னுடைய கிறீம் சின்ன மச்சாளின் முகத்துக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. உங்களுக்கும் ஒரு ரியூப் எடுத்துத் தரவா?

பெரியம்மா: எந்தக் கிறீம்?

மாமி: டொக்டர் எழுதித் தந்தது. ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதாம். தோலில் கொலாஜன் வளரும் என்று ஒரு வீடியோவிலும் சொன்னார்கள்.

அம்மா: முகத்துக்கா எழுதித் தந்தார்?

மாமி: முகத்துக்கு இல்லை. அதைப் பிறகு கதைப்போம்.

நான்: மாமி, ரியூபின் லேபலை ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

மாமி: [படம்]

நான்: ஈஸ்ட்ரியோல், ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை. ஒரு கிராமில் 1 மில்லிகிராம். சித்தி, நீங்கள் இதையா பூசுகிறீர்கள்? எத்தனை நாளாக?

சித்தி: மூன்று கிழமை. இரவில் மட்டும், ஒரு பட்டாணி அளவு. ஏன் பிள்ளை?

நான்: இன்றிரவு பூச வேண்டாம் சித்தி. பயப்படும்படி ஒன்றும் இல்லை. இப்போது கடையில் ஆட்கள் நிற்கிறார்கள். 11 மணிக்கு ஆறுதலாக எழுதுகிறேன்.

தங்கச்சி: அக்கா, அம்மா முகம் வெளிறிப்போய் இருக்கிறா. ஒரு வரியாவது சொல்லுங்கள்.

நான்: சித்தி மார்புப் புற்றுநோய்க்காகக் குடிக்கும் லெற்றோசோல் குளிசையும் இந்தக் கிறீமும் எதிரெதிர் வேலை செய்பவை. அதுதான் விஷயம். வேறொன்றும் இல்லை.

காலை 11.07

நான்: சரி, இப்போது எழுதுகிறேன். மாதவிடாய் நின்ற பிறகும் எங்கள் உடம்பு ஈஸ்ட்ரோஜன் செய்கிறது. சூலகத்தில் இல்லை, கொழுப்பிலும் தோலிலும் கொஞ்சம் கொஞ்சமாக. சித்திக்கு வந்த மார்புப் புற்றுநோய் அந்த ஈஸ்ட்ரோஜனைச் சாப்பிட்டு வளரும் வகை. லெற்றோசோல் அந்தக் கடைசிச் சொட்டையும் நிறுத்துவதற்குத்தான். ஒரு பக்கம் குளிசையால் கதவைச் சாத்திவிட்டு, மறுபக்கம் கன்னத்தின் வழியாக உள்ளே விடக்கூடாது. தோலில் பூசினால் கொஞ்சமாவது இரத்தத்துக்குப் போகும். மூன்று கிழமை பூசியதால் வருத்தம் திரும்பும் என்று நான் சொல்லவில்லை சித்தி. ஆனால் வியாழன் புற்றுநோய் கிளினிக்கில் டொக்டரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும். ரியூபையும் கொண்டுபோங்கள்.

சித்தி: சொல்கிறேன்.

சித்தி: எனக்கு இது தெரியாமல் போய்விட்டது. வாயால் குடிப்பதுதான் மருந்து, பூசுவது கிறீம் என்று நினைத்தேன். ஆவணியில் பிள்ளையின் கல்யாணம். குளிசை தொடங்கி இரண்டு வருடத்தில் முகம் வேறொருத்தியின் முகம் போல ஆகிவிட்டது. கன்னத்தைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்கிறது. 

பெரியம்மா: உனக்கு வடிவுக்கு என்ன குறை? சும்மா இரு.

நான்: பெரியம்மா, சித்தி சொல்வது உண்மை. அது மனப்பிரமை இல்லை. 1941இலேயே அமெரிக்காவில் புல்லர் ஆல்பிரைட் என்ற டொக்டர், மாதவிடாய் நின்று எலும்பு தேய்ந்த பெண்களுக்குத் தோலும் மெலிந்திருப்பதைக் கவனித்து எழுதினார். 1980களில் லண்டனில் பிரிங்கற் என்ற டொக்டரும் கூட இருந்தவர்களும் தோலை எடுத்து அளந்து பார்த்தார்கள். மாதவிடாய் நின்ற முதல் 5 வருடத்தில் தோலின் கொலாஜன் ஏறத்தாழ 30 வீதம் போய்விடுகிறது. அதன் பிறகு வருடத்துக்கு 2 வீதம் போல. வயதைவிட, நின்று எத்தனை வருடம் என்பதோடுதான் அந்தக் கணக்குப் பொருந்தியது. சித்திக்கு லெற்றோசோல் மிச்சத்தையும் எடுத்துவிட்டது. கண்ணாடியில் தெரிவதில் பிழை இல்லை.

சித்தி: ஒருத்தராவது உண்மை என்று சொன்னாய். 

தங்கச்சி: அப்படியென்றால் போனதைத் திரும்பப் பூசினால் வளரத்தானே வேண்டும்? வருத்தம் இல்லாத பெரியம்மா பூசலாமா?

நான்: நல்ல கேள்வி. இதை அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகத் தோல் மருத்துவப் பிரிவில் நேராகச் சோதித்தார்கள். 2008இல் வெளிவந்தது. 40 பெண்கள், எல்லோருக்கும் மாதவிடாய் நின்றுவிட்டது. கூடவே 30 ஆண்கள். சராசரி வயது 75. ஈஸ்ட்ரடயோல் என்ற ஈஸ்ட்ரோஜனை இரண்டு கிழமை மூன்று இடங்களில் பூசினார்கள்: இடுப்பு, முன்கை, முகம். பிறகு தோலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள்.

நான்: இடுப்பில் கொலாஜன் உற்பத்தி கூடியது. பெண்களுக்கு நன்றாக, ஆண்களுக்குக் குறைவாக. முன்கையிலும் முகத்திலும் சொல்லத்தக்க மாற்றம் ஒன்றுமே இல்லை.

அம்மா: ஒரே ஆளின் தோல்தானே?

நான்: ஒரே ஆள், ஒரே வயது, ஒரே மருந்து. ஈஸ்ட்ரோஜனைப் பிடிக்கும் ஏற்பிகளும் எல்லா இடத்திலும் இருந்தன. பெரிய வித்தியாசம் ஒன்றுதான். இடுப்பு வெயில் காணாத தோல்.

மாமி: வீடியோவில் வியன்னாவில் முகத்தில் பூசிச் சுருக்கம் குறைந்தது என்று சொன்னார்களே.

நான்: ஓம் மாமி, அது 1996இல். 59 பெண்கள், ஆறு மாதம். தோலின் இறுக்கமும் சுருக்கமும் நல்லபடியாக மாறின என்று எழுதினார்கள். ஆனால் இரண்டு குழுவுக்கும் ஈஸ்ட்ரோஜன்தான், ஒன்றுக்கு ஈஸ்ட்ரடயோல், மற்றதற்கு ஈஸ்ட்ரியோல். வெறும் கிறீம் பூசிய குழு அதில் இல்லை. வெறும் கிறீமே ஈரத்தைப் பிடித்துச் சுருக்கத்தைக் கொஞ்சம் நிரப்பும். சித்தியின் முகம் மூன்று கிழமையில் மினுங்கியதும் பெரும்பாலும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நான்: எல்லோரும் ஒன்று செய்து பாருங்கள். யன்னல் வெளிச்சத்தில் கையை மடக்கி, மேல்கையின் உட்பக்கத்தையும் புறங்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 

மதியம் 12.40

பெரியம்மா: [படம்]

அம்மா: [படம்]

சித்தி: [படம்]

தங்கச்சி: அம்மாவின் உள்கை என்னுடையது போல இருக்கிறது!! நான் இதைப் பார்த்ததே இல்லை.

சித்தி: நானும் பார்த்ததில்லை. புறங்கையில் புள்ளி, கோடு, நீல நரம்பு. நாலு விரல்கடை தள்ளி ஒரு கோடுகூட இல்லை. 56 வயது இரண்டுக்கும்.

பெரியம்மா: நான் உனக்கு 6 வயது மூத்தவள். என் புறங்கை உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

அம்மா: அக்கா பள்ளிக்கூடக் காலத்தில் இருந்தே குடை இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. ஆடிவேலுக்கும் குடைதான். 

சித்தி: நான் 25 வருடம் வலைப்பந்து பழக்கினேன். இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டால் நாலரை வரை மைதானம். தொப்பிகூடப் போட்டதில்லை.

நான்: அதுதான் சித்தி. கொழும்பில் மதியத்தில் புற ஊதாக் கதிர்ச் சுட்டெண் 11ஐ, அதாவது மிகக் கடுமையான அளவை, தாண்டும் நாட்கள் நிறைய. அந்தக் கதிர் பட்டதும் தோல் ஒரு நொதியை விடும். அது கொலாஜன் நாரை வெட்டும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வெட்டு, கொஞ்சம் ஒட்டு, ஒட்டு சரியாக வராது. 25 வருடத்தில் முகத்தில் இருப்பது துண்டு துண்டான நார்.

நான்: பல்கனியில் உடுப்புப் போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். கொடி இறுக்கமாக இருந்தால்தான் உடுப்பு விரிந்து நிற்கும். கொலாஜன் செய்யும் கலங்களும் அப்படி, நாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு விரிந்து நின்றால்தான் வேலை செய்யும். நார் அறுந்தால் கலம் சுருண்டுவிடும். சுருண்ட கலம் கொலாஜனைக் குறைவாகச் செய்து, வெட்டும் நொதியைக் கூடச் செய்யும். முகத்தில் ஈஸ்ட்ரோஜன் சொல்வதை அது கேட்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். 

அம்மா: வீட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பரவாயில்லையா?

நான்: யன்னல் கண்ணாடி எல்லாக் கதிரையும் மறிக்காது அம்மா. ஆழமாகப் போகும் வகை கண்ணாடியைத் தாண்டி வரும். 2012இல் ஒரு மருத்துவ இதழில் 28 வருடம் லொறி ஓட்டிய ஒருவரின் படம் வந்தது. அமெரிக்காவில் சாரதி இடப்பக்கம். இடது கன்னம் மட்டும் மடிப்பு மடிப்பாக இருந்தது, வலது கன்னம் பத்து இருபது வருடம் இளையவருடையது போல. அந்தப் படத்தைப் பார்த்த நாளில் இருந்து நான் பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தாலும் சன்ஸ்கிறீன் போடுகிறேன்.

பெரியம்மா: எனக்குக் கிறீம் வேண்டாம். ஆனால் பூசினால் என்ன நடக்கும் என்று சொல். தெரிந்துகொள்கிறேன்.

நான்: இரண்டு விஷயம். பிள்ளைத்தாச்சிகளுக்குக் கன்னத்தில் மங்கு வருமே, அது இந்த ஹோர்மோன்கள் கூடுவதால். எங்கள் நிறத் தோலில் அது வந்தால் லேசில் போகாது. மற்றது, உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாக உடம்பில் கூடினால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, காலப்போக்கில் புற்றுநோய்க்கும் வழியாகலாம். ஹோர்மோன் குளிசை கொடுக்கும் டொக்டர்மார் கர்ப்பப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்ட்ரோன் என்ற மற்றப் பெண் ஹோர்மோனையும் சேர்த்துக் கொடுப்பது அதனால்தான். முகத்துக்கு எவ்வளவு பூசினோம், எவ்வளவு உள்ளே போனது என்று யார் அளப்பது?

தங்கச்சி: அப்போது அம்மாவுக்கு ஒன்றும் இல்லையா அக்கா? கல்யாணத்துக்கு என்றில்லை. அவவுக்கு இது மனதில் கிடக்கிறது.

நான்: இருக்கிறது. ட்ரெற்றினோயின் என்று விற்றமின் ஏ வகை மருந்து. ஹோர்மோன் இல்லை. அதையும் மிஷிகன் ஆட்கள்தான் வெயில் பட்டுக் கெட்டுப்போன தோலில் சோதித்தார்கள். 1993இல் வந்தது. 10 முதல் 12 மாதம் பூசியவர்களுக்குப் புதுக் கொலாஜன் 80 வீதம் கூடியது, வெறும் கிறீம் பூசியவர்களுக்கு 14 வீதம் குறைந்தது. ஈஸ்ட்ரோஜனால் முடியாத இடத்தில் இது வேலை செய்திருக்கிறது. தோல் டொக்டரின் துண்டு வேண்டும், கிளினிக்கிலும் ஒரு சொல் கேட்க வேண்டும். இரவில் மட்டும். தொடக்கத்தில் சிவக்கும், உரியும். ஆவணிக்குள் பெரிதாக ஒன்றும் தெரியாது சித்தி, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தங்கச்சி, நீ கல்யாணம் முடித்துப் பிள்ளை பற்றி யோசிக்கும்போது இந்தப் பக்கமே போகக்கூடாது. கர்ப்பத்துக்குக் கூடாது.

நான்: நீ செய்யக்கூடியது சன்ஸ்கிறீன். அவுஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குக் குறைந்த 903 பேரை நாலரை வருடம் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் போட்டவர்களின் தோல் அந்த நாலரை வருடத்தில் வயதானதாகவே அளவில் தெரியவில்லை. நினைத்தபோது போட்டவர்களுக்கு அப்படி இல்லை. அதோடு பெரியம்மாவின் குடை.

மாலை 6.15

மாமி: எல்லாம் வாசித்தேன். என்னால் அவவுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. ரியூபைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

நான்: ஐயோ மாமி, எடுங்கள், எடுங்கள். அது உங்களுக்கு எழுதித் தந்த மருந்து. மாதவிடாய் நின்றபின் பெண்ணுறுப்பில் வரும் வறட்சிக்கும் எரிவுக்கும் அங்கே போட எழுதியதுதானே? அந்த இடத்துக்கு அது நல்ல மருந்து. அளவும் சின்னது, சொன்னபடி போட்டால் இரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. அந்தத் தோல் வெயில் காணாதது, ஈஸ்ட்ரோஜன் சொல்வதைக் கேட்கும். நிறுத்த வேண்டாம்.

மாமி: [குரல் பதிவு, 1 நிமிடம் 38 விநாடி]

அம்மா: மச்சாள், ஐந்து வருடம் இப்படி எரிவோடா இருந்தீர்கள்?

மாமி: யாரிடம் சொல்வது? டொக்டர் பெண் என்றபடியால்தான் போன வருடம் வாய் திறந்தேன். ஒரு மாதத்தில் சுகம் வந்தது. அதனால்தான் இது எல்லாவற்றுக்கும் நல்லது என்று நம்பி மச்சாளுக்குக் கொடுத்தேன்.

அம்மா: எனக்கும் இருக்கிறது. சலத்தில் கிருமி என்று நாலு தரம் மருந்து குடித்தேன்.

பெரியம்மா: எனக்கும்.

நான்: அம்மா, எனக்கு ஏன் சொல்லவில்லை? கடையில் இதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன். திங்கட்கிழமை உங்களையும் பெரியம்மாவையும் மாமியின் டொக்டரிடம் கூட்டிப்போகிறேன். 

சித்தி: பிள்ளை, எனக்கும் அது இருக்கிறது. எனக்கு இந்தக் கிறீம் கூடாது, என்ன?

நான்: நீங்களாக எடுத்துப் போடக்கூடாது சித்தி. ஹோர்மோன் இல்லாத ஈரமாக்கும் ஜெல் இருக்கிறது, முதலில் அது. போதாவிட்டால் என்ன செய்வது என்று புற்றுநோய் டொக்டர்தான் முடிவெடுக்க வேண்டும். வியாழன் கேட்போம். ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போவோம்: முகத்தில் மூன்று கிழமை பூசியது, ட்ரெற்றினோயின், எரிவு.

சித்தி: "போவோம்" என்றால் நீயும் வருகிறாயா?

நான்: ஓம். காலை ஆறரைக்குச் சந்தியில் நிற்கிறேன். குடையைக் கொண்டு வாருங்கள்.

மாமி: எடுத்துவிட்டேன். மூடி இறுக்கித்தான் இருந்தது.