பெரியப்பாவோட ஈரல் ரிப்போர்ட்

கோபி மாமா: ஸ்கேன்ல ஈரல்ல புத்துநோய்க் கட்டி 4 சென்டிமீட்டராமா. எத்தனாவது ஸ்டேஜுனு டாக்டர்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா

பவானி அத்தை: கடவுளே, நேத்து பொழுதோடகூட நல்லாத்தானே பேசுனாரு அண்ணன்

பாப்பா நர்ஸ்: மாமா ஸ்டேஜ் மட்டும் கேட்டா பாதிதானுங்க தெரியும். ஈரல்ல கட்டி எவ்ளோ பெருசுங்கறதோட மிச்ச ஈரல் எப்படி வேலை செய்யுதுன்னும் பாக்கோணும். பெருந்துறை அப்புச்சிக்கு கட்டி வெறும் 2 சென்டிமீட்டர்தானுங்க, ஆனா கண்ணு மஞ்சளாகி வயிறு பூரா தண்ணி கட்டி பகல்ல தூங்கி ராத்திரி எந்திரிச்சு உக்காந்துட்டு அம்மிச்சியவே யாருன்னு கேட்டாரு, மூணு மாசம் தாங்கல

கோபி மாமா: ஆமா அத மறக்க முடியுமா

பாப்பா நர்ஸ்: பார்சிலோனா டாக்டருங்க வகுத்த ஸ்டேஜ்லயே அப்படித்தானுங்க, ஈரல் முழுசா ஓஞ்சு மாத்தவும் வழியில்லைனா கட்டி சின்னதா இருந்தாலும் கடைசி டி ஸ்டேஜ்தான். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சு ஈரலும் தெம்பா இருந்து வைத்தியம் பண்ணுனவங்க 5 வருசத்துக்கு மேலயும் இருக்கறாங்க

அண்ணன்: அப்பாவுக்கு எப்படி பாப்பா

பாப்பா நர்ஸ்: ஈரல் எவ்ளோ கெட்டிருக்குதுன்னு பாக்க சைல்டு பியூனு ஒரு கணக்கு இருக்குண்ணா, அஞ்சு விசயத்துக்கு 1ல இருந்து 3 வரைக்கும் பாயிண்ட். மஞ்சக்காமாலைய காட்டற பிலிருபின் 1.6 அதுக்கு 1, ஈரல் செய்யற புரதம் அல்புமின் 3.2 அதுக்கு 2, ரத்தம் உறையற ஐஎன்ஆர் 1.4 அதுக்கு 1, புத்தி தெளிவா இருக்கறதுக்கு 1, வயித்துல கொஞ்சம் தண்ணி அதுக்கு 2. மொத்தம் 7. 5, 6 வந்தா ஏ, 7ல இருந்து 9 பி, 10ம் அதுக்கு மேலயும் சி. ஒரு பாயிண்ட்லதான் பி ஆயிருக்குது, தண்ணி வத்துனா ஏ ஆகலாம், அப்ப டாக்டருக்கும் பண்றதுக்கு நெறைய வழி இருக்கும். நேத்து கால அமுத்திப் பாத்தேன் வெரல் குழி அப்படியே நின்னுச்சு, கால்லயும் தண்ணி இருக்குது, உப்பு குறைச்சே ஆகோணும்

பவானி அத்தை: கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கலாமா கண்ணு, தோட்டத்துலயே இருக்குது

பாப்பா நர்ஸ்: டாக்டர கேக்காம எதுவும் வேண்டாங்த்தை. முட்டி வலிக்கு மெடிக்கல்ல வாங்கிப் போடறாரே அந்த மாத்திரையவும் நிறுத்தச் சொல்லுங்க, வயித்துல தண்ணி இருக்கறப்ப அது கிட்னிய கெடுத்துப்போடும்

அண்ணன்: நான் ஈரல் குடுத்தா ஆகுமா

பாப்பா நர்ஸ்: கேக்கலாம்ணா. ஒத்தக் கட்டியா 5 சென்டிமீட்டருக்குள்ள இருந்து ரத்தக் குழாய்க்குள்ள போகாம இருந்தா மாத்தறதுக்கு ரோசனை பண்ணுவாங்க, 1996ல இருந்தே அந்த அளவு இருக்குது. கட்டியும் போகும் கெட்டுப்போன ஈரலும் போகும். அப்பா வயசு, இருதயம், உன் உடம்பு எல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் சொல்லுவாங்க. குழாய்க்குள்ள போயிருச்சான்னு மொதல்ல கேளு, அதுலதான் ஸ்டேஜே மாறும்

அண்ணன்: சரி, வியாழக்கெழமை வெடியால 6 மணிக்கு கோயமுத்தூர் கெளம்பறோம், பழைய ஸ்கேன் சிடியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்

கோபி மாமா: கார் நான் கொண்டாரேன்

பவானி அத்தை: உப்பில்லாம இட்லியும் ரசமும் பண்ணித் தாரேன், போறப்ப வாசல்ல நின்னு வாங்கிட்டுப் போங்க