ஃபிளாங்கிங்குக்கு அட்வாண்டேஜ் தரத்தான் வேண்டுமா?

பெரம்பூர் டிஎம்:
டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தில் கதையையும் எதிரிகளையும் நடத்தும் டஞ்சன் மாஸ்டர், அதாவது டிஎம், நான். "கையேட்டில் அச்சாகிவிட்டால் அது விதிதான், விருப்ப விதி என்று சொல்லி அதை மறுக்கும் டிஎம், ஆட்டக்காரர்களின் உரிமையைப் பறிக்கிறார்" என்று காசிமேட்டு ரோக் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஐந்தாம் பதிப்புக்கு 2014ஆம் ஆண்டில் வந்த டஞ்சன் மாஸ்டர் கையேட்டில் ஃபிளாங்கிங் விருப்ப விதியாகத்தான் தரப்பட்டுள்ளது. எதிரியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நம்மவர் இருவர் நின்றால், இருவருக்குமே கைகலப்புத் தாக்குதலில் அட்வாண்டேஜ்; அதாவது டி20 எனும் 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அடி பட 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும் என்ற நிலையில் 50 சதவீதமாக இருக்கும் வாய்ப்பு, இதனால் 75 சதவீதமாகிவிடுகிறது. இரண்டு கட்டம் நகர்ந்து நின்றதற்கு இவ்வளவு பெரிய பரிசா? 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் இதே நிலைக்கு உருட்டிய எண்ணோடு +2தான். வாய்ப்பு 60 சதவீதத்தோடு நின்றுவிடும். என் மேசையில் ஃபிளாங்கிங்குக்கு அட்வாண்டேஜ் கிடையாது, அதிகபட்சம் அந்த +2தான்.

காசிமேட்டு ரோக்:
எழுதியதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறமாட்டேன். எதிரியை இருபுறமும் மடக்கத் தெரிந்தவனுக்குப் பலன் கிடைக்க வேண்டும். பெரம்பூராரின் மேசையில் சில மாதங்கள் விளையாடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே யாரும் இடம் மாறுவதில்லை, நின்ற இடத்திலேயே மாறி மாறி அடித்துக்கொள்கிறார்கள். இன்னொன்றையும் கேட்கிறேன். 2014 ஆட்டக்காரர் கையேட்டில் ஃபீட் (பாத்திரம் கூடுதலாக எடுக்கும் சிறப்புத் திறன்), மல்டிகிளாஸ் (போர்வீரன், மந்திரவாதி போன்ற கிளாஸ்களில் ஒன்றுக்கு மேல் எடுப்பது) இரண்டுமே விருப்ப விதிகளாகத்தான் அச்சிடப்பட்டன. அவற்றைத் தயங்காமல் அனுமதிக்கும் நீங்கள், ஃபிளாங்கிங் என்றதும் மட்டும் "விருப்ப விதி" என்று எதற்காக நினைவூட்டுகிறீர்கள்?

பெரம்பூர் டிஎம்:
ஃபீட்டைப் பற்றி இங்கே பேச்சில்லை. அட்வாண்டேஜைப் பற்றித்தான் பேச்சு. மூன்றாம் பதிப்பில் எதிரியின் ஆயுதம் எட்டும் தூரத்துக்குள்ளேயே சுற்றி நகர்ந்தாலும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக், அதாவது நகரும்போது எதிரி இடையில் போடும் அடி, வாங்க வேண்டிய அபாயம் இருந்தது. ஐந்தாம் பதிப்பில் அந்தத் தூரத்தை விட்டு வெளியேறினால்தான் அடி விழும். ஆகவே எந்த ஆபத்துமின்றி எதிரியின் முதுகுப்பக்கம் போய் நிற்கலாம். விலை குறைந்திருக்கிறது, பலனோ கூடியிருக்கிறது. மேலும், ரோக் என்னும் திருட்டுத்தனமான கிளாஸை ஆடுபவருக்குக் கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக் செய்ய, எதிரியின் 5 அடிக்குள் தோழர் ஒருவர் இருந்தாலே போதும். அதையும் வைத்துக்கொண்டு இதையும் கேட்பதற்குப் பேராசை என்றுதான் பெயர்.

வியாசை பகடை:
நான் பார்பேரியன் என்னும் ஆவேசப் போர்வீரனை ஆடுபவன். ரெக்லெஸ் அட்டாக் மூலம் அட்வாண்டேஜ் பெற வேண்டுமென்றால், என்னை அடிக்க வருபவர்களுக்கும் அடுத்த முறை வரும்வரை அட்வாண்டேஜைக் கொடுத்தாக வேண்டும். அப்படி உடம்பைக் கொடுத்து நான் பெறுவதை, பக்கத்தில் இருப்பவர் சும்மா நகர்ந்தே பெறுவார் என்றால் என் கிளாஸுக்கு என்ன மதிப்பு? தோழன் எதிரியின் பக்கத்தில் இருந்தால் ஓநாய்க்கு அட்வாண்டேஜ் தரும் பேக் டாக்டிக்ஸும் இப்படித்தான் வீணாகிறது. பெரம்பூர் அண்ணன் சொல்வதுபோல் +2 கொடுத்தால் எனக்குச் சம்மதம்.

காசிமேட்டு ரோக்:
எண்ணிக்கையில் அதிகமான கோப்ளின் என்னும் குட்டி அரக்கர்கள் எங்களைத்தான் முதலில் மடக்கும். அந்த ஆபத்தையும் ஏற்றுக்கொண்டுதான் அட்வாண்டேஜ் கேட்கிறோம். இதில் பேராசை எங்கே வந்தது? ஃபீட் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கொருக்குப்பேட்டை:
இருவருமே முக்கியமான இடத்தை விட்டுவிட்டீர்கள். எந்த விதியாக இருந்தாலும் கேம்பெயின் என்னும் தொடர்கதை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நான் விளையாடிய ஒரு மேசையில், கதை பாதி கடந்த பிறகு, குறு ஓய்வு 8 மணி நேரம், நெடு ஓய்வு 7 நாள் என்று ஓய்வை நீட்டும் மாற்று விதியை டிஎம் கொண்டுவந்தார். மந்திரவாதியான என் விசார்டின் ஸ்பெல்கள், ஓய்வெடுத்தால்தான் திரும்பும் மந்திரங்கள், தீர்ந்துபோய், குழுவுக்குச் சுமையாக உட்கார்ந்திருந்தேன். அந்த டிஎம் யார் என்பது இங்கே சிலருக்குத் தெரியும். நம் பக்கத்துக் கேரம் ஆட்டத்தில் சிவப்புக் காய்க்கு ஃபாலோ போடும் முறை தெருவுக்குத் தெரு மாறினாலும், ஸ்ட்ரைக்கரைத் தொடுவதற்கு முன் பேசிவிடுவார்கள்.

பெரம்பூர் டிஎம்:
அந்த டிஎம் நான்தான் என்று மறைமுகமாகச் சொல்ல வேண்டாம், நேராகவே சொல்லலாம். அந்த ஓய்வு விதியும் அதே கையேட்டில் அச்சானதுதான். அன்று மேசையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் ஒருவர்தான் எழுந்து போனீர்கள். கேரத்தை வைத்து எனக்குப் பாடம் நடத்துவதும் தேவையில்லை. 2008இல் வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனது தெரு விதியில் ஆடியா?

வியாசை பகடை:
எங்கள் பகுதிப் பெண்ணின் பெயரை இந்தச் சண்டைக்குள் இழுக்க வேண்டாம். அவர் ஆடக் கற்ற தெருவையும் குறைத்துப் பேச வேண்டாம்.

பெரம்பூர் டிஎம்:
நான் யாரையும் குறைத்துப் பேசவில்லை. கணக்குக்கு வாருங்கள். 8 விழுந்தால் போதும் என்ற நிலையில் 65 சதவீத வாய்ப்பு அட்வாண்டேஜால் 87.75 ஆகிறது, 20 விழுந்து சேதம் கூடும் கிரிட்டிகல் விழும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 9.75 சதவீதத்துக்கு ஏறுகிறது. ஒவ்வொரு சண்டையிலும், ஒவ்வொரு சுற்றிலும் இதைக் கொடுத்தால் டிஎம் எந்த அரக்கனை இறக்கினாலும் நிற்காது. இதற்கு யாராவது கணக்கோடு பதில் சொல்லட்டும்.

காசிமேட்டு ரோக்:
அரக்கர்களும் ஃபிளாங்கிங் செய்யலாம் என்று சொல்லிவிட்டேன். 2014 கையேட்டின் ஃபீட்டை அனுமதித்துவிட்டு ஃபிளாங்கிங்கை மட்டும் மறுப்பது எந்த நியாயம் என்றும் கேட்டுவிட்டேன். அட்வாண்டேஜ் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

பெரம்பூர் டிஎம்:
+2க்கு மேல் தரமாட்டேன்.