ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நடந்து, இன்னும் மனத்தை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு: நீங்களும் எழுதுங்கள்

கடற்கரைப்பிள்ளை (தூத்தூர் பக்கம்):

2018 திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். ஒக்கிப் புயல் அடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்றால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாருக்கும் மேல்விளக்கம் வேண்டாம். வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அக்கா. ஆழ்கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. சாமியார் ஒவ்வொருவர் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை வரைந்து, மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த அக்காவின் முறை வந்ததும் அவருடைய விரல் நெற்றிக்கு அருகில் நின்றுவிட்டது. பிறகு, "மனம் மாறி நற்செய்தியை நம்பு" என்றார். இரண்டில் எதைச் சொன்னாலும் முறைதான், திருச்சபையே அனுமதித்திருக்கிறது. ஆனால் அக்கா நகரவில்லை. "எல்லோருக்கும் சொன்னதை எனக்கும் சொல்லுங்கள், சாமி" என்றார். அழவில்லை, குரலும் உயரவில்லை. சாமியார் சொன்னார். அடுத்து நின்ற எனக்கு அவர் என்ன சொன்னார் என்பது காதில் ஏறவே இல்லை.

கணவருக்கு ஆறடி மண் கிடைக்காத ஒருவர் அந்த வார்த்தையை ஏன் கேட்டு வாங்கினார்? இவ்வளவு காலமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

குளச்சல் மருமகள்:

தம்பி, அதற்குப் பதில் என்னிடம் இல்லை. என் மாமியார் கதையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் தவக்கால வெள்ளிகளில் மீன் தொடமாட்டார்கள். உள்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், விலக்கப்பட்டது இறைச்சிதான், மீனுக்குத் தடை இல்லை, வீணாக உடம்பை வருத்துகிறீர்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். மாமியார் அவருக்குச் சாளைக்கறி ஊற்றிவிட்டு, தன் தட்டில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) காந்தாரி மிளகாய்த் துவையலும் வைத்துக்கொண்டு சொன்னார்: "இறைச்சி எங்களுக்கு ஆண்டுக்கு நான்கு முறை. அதை விடுவதில் எனக்கு என்ன போயிற்று?" அன்று கொண்டுவந்த மீனில் பாதி, கடலுக்குப் போக ஆள் இல்லாத பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அதுவும் ஒவ்வொரு வெள்ளியும் நடப்பதுதான்.

மார்த்தாண்டம் வாசகர்:

மருமகள் அக்கா சொல்வதை மறுக்கிறேன். ஒரு வீட்டு வழக்கத்தை எல்லோருக்கும் அளவுகோலாக்கக் கூடாது. சிரிய வழிபாட்டு மரபான எங்கள் மலங்கரை முறையில் ஐம்பது நோன்பு என்னும் தவக்காலம் முழுவதும் மீன், முட்டை, பால் என எல்லாமே விலக்கு. சாம்பல் புதனும் எங்களுக்குக் கிடையாது. அதற்கு முந்தைய திங்கட்கிழமையே சுப்கோனோ என்னும் ஒப்புரவு வழிபாட்டோடு நோன்பு தொடங்கிவிடும், ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்போம். அதற்காக, ரோமை வழிபாட்டு மரபில் வரும் லத்தீன் முறைக்காரர் நோன்பு குறைந்தது என்று சொல்வோமா?

என் அனுபவம் சிறியது. பெரிய வெள்ளியன்று காற்றாடிமலையில், இயேசுவின் பாடுகளை நினைத்து பதினான்கு நிலைகளில் நின்று ஜெபிக்கும் சிலுவைப்பாதை போகும்போது பத்தாம் நிலையில் அம்மா சரிந்து விழுந்தார். சர்க்கரை நோயாளி, காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், வயதானவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து கவனியுங்கள். லத்தீன் சட்டப்படி உண்ணாநோன்பு 18 வயது முடிந்தவர் முதல் 59 வயது வரைதான், இறைச்சி விலக்கு 14 வயதிலிருந்து. நோன்பு நாளிலும் ஒரு முழுச் சாப்பாடும் இரண்டு சிறு உணவும் உண்டு. நோயாளிக்கு விதிவிலக்கு உண்டு. இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடத் தவிர்க்கக் கூடாது. கையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருங்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே நடையை முடியுங்கள். மூன்று மணி வழிபாட்டுக்குப் பிறகு கோவிலில் கொடுக்கும் கஞ்சியையும் பயற்றையும் வேண்டாம் என்று சொல்லவிடாதீர்கள். ஏசாயா 58-ஐ வீட்டில் உட்கார்ந்து வாசியுங்கள். பசித்தவனோடு உணவைப் பகிர்வதே ஆண்டவர் விரும்பும் நோன்பு என்று அங்கே தெளிவாக இருக்கிறது, மயங்கி விழச் சொல்லி எங்கும் இல்லை.

இரணியல் ஆசிரியை:

உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டர் முழுநிலவைப் பார்த்து மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் மாறி மாறி வருவதால், சில ஆண்டுகளில் தவக்காலத் தொடக்கமும் மண்டைக்காடு பகவதி அம்மன் கோவிலின் மாசிக் கொடை விழாவும் ஒன்றாக வந்துவிடும். அப்படி ஓர் ஆண்டு, நெற்றியில் சாம்பலோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருமுடியை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா. "எந்தக் கோவில் திருநீறு மோளே?" என்று கேட்டார். போன ஆண்டு குருத்தோலையைச் சுட்ட சாம்பல் என்றேன். கேட்டு மகிழ்ந்தார். அடுத்து, "மகளுக்கு வரன் அமைய நான் விரதம் இருக்கிறேன். நீ என்ன வேண்டி இருக்கிறாய்?" என்றார்.

நாங்கள் எதையும் வேண்டி இருப்பதில்லை, மனம் திரும்புவதற்காக என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் திரும்பிவிட்டதா என்று எப்படித் தெரியும்?" நிறுத்தம் வந்துவிட்டது, இறங்கிவிட்டார். ஒவ்வொரு தவக்காலத்திலும் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. மறையுரைகளில் இதுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

கடற்கரைப்பிள்ளை தம்பிக்கு: அடக்கத்தில் ஆளுக்கொரு பிடி மண் போடுவோமே, அந்த அக்காவுக்கு அது வாய்க்கவில்லை. கணவருக்குச் சேராத மண்ணைத் தன் நெற்றியிலாவது வாங்கினாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

கடற்கரைப்பிள்ளை:

இருக்கலாம், டீச்சர். ஆனால் எல்லோரும் தன்னைத் தனியாகப் பார்ப்பது போதும் என்று நினைத்தும் கேட்டிருக்கலாம். நிவாரணக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் முதல் நாங்கள் வரை அப்படித்தான் பார்த்தோம்.

குளச்சல் மருமகள்:

மார்த்தாண்டம் அண்ணனுக்கு. மாமியாருக்கு அப்போது எழுபது வயது தாண்டிவிட்டது, எந்தச் சட்டமும் அவரைக் கட்டாது. மாத்திரையையும் தண்ணீரையும் அவர் விட்டதில்லை. விட்டது மீனை மட்டும்தான், அதையும் பிறர்மேல் திணிக்கவில்லை. உறவுக்காரருக்குக் கறி ஊற்றியது அவர்தான் என்று மேலே எழுதியிருக்கிறேன். அம்மா இப்போது நலமா?