கிளேவே பக்கம் ஏறிப் பார்க்க மலை ஏதாவது இருக்கா?

போடிப்பையன்:
எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர்ல ஜெர்மனி கிளேவே ஊர்ல ரைன்-வால் பல்கலைக்கழகத்துல சேர்ந்தேன். சொந்த ஊர் போடிநாயக்கனூர். வீட்டு மொட்டை மாடியில நின்னா கண்ணு நேரா போய் மலையில முட்டும். இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் புல்வெளி, மாடு, காற்றாலை, அப்புறம் வானம்தான். நாலு மாசத்துல இது மனசை இவ்வளவு அழுத்தும்னு நினைக்கல. நெதர்லாந்து எல்லை பத்து கிலோமீட்டர்தான், அந்தப் பக்கமும் தட்டையாத்தான் தெரியுது. நெதர்லாந்தோட தென்கோடியில வால்ஸ் ஊர்ல மூணு நாடு சேர்ற இடம் 322 மீட்டர் உயரம்னு சொல்றாங்க, ஆனா போய்ட்டு வர ஒரு நாள் முழுசா போயிடும். கார் இல்லை, பழைய சைக்கிள் ஒண்ணு இருக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ட்டு இருட்டுறதுக்குள்ள திரும்புற மாதிரி இடம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காவிரிக்கரை:
தம்பி, நான் கும்பகோணம் பக்கம். சின்ன வயசுல எனக்குத் தெரிஞ்ச ஒரே மலை சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, 60 படி. அந்த 60 படி ஏறித் திரும்பினா தென்னந்தோப்பும் வயலுமா எவ்வளவு தூரம் விரியும்னு பார்த்து வளர்ந்தவன். அதனால சொல்றேன், இங்க மீட்டர் கணக்கைப் பார்க்காத. சுத்தி மறைக்க ஒண்ணுமே இல்லாத ஊர்ல 80 மீட்டர் ஏறினாலே ரெண்டு நாடு தெரியும்.

நீ இருக்குற கிளேவேயே மேட்டு விளிம்புல உட்கார்ந்திருக்கு. ஊர்ப் பேரே செங்குத்துச் சரிவைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்ததுதான். அன்னக் கோட்டை நிக்கிறது அந்தச் சரிவு மேலதான். ஊருக்குத் தெற்க கிளேவர் பெர்க் 106 மீட்டர், மேல கோபுரம் இருக்கு. ஆனா அதை அப்புறம் வச்சுக்க.

முதல்ல குர்ஹவுஸ் மியூசியம் பக்கத்துல இருக்குற ஆம்ஃபிதியேட்டருக்குப் போ. உன் அறையிலேர்ந்து நடந்தே போயிடலாம். டச்சுக்காரங்க பிரேசிலோட வடகிழக்குப் பகுதியை ஆண்டப்போ அங்க ஆளுநரா இருந்த யோஹான் மௌரிட்ஸ் 1647ல கிளேவேக்கு ஆளுநரா வந்தார். மலைச்சரிவை வெட்டிப் படிப்படியா தோட்டம் போட்டார். நடுவுல மினர்வா சிலை, கீழே நேர்கோடா ஒரு கால்வாய். மேல் படியில நின்னு அந்தக் கால்வாய் வழியா பார்வையை ஓட்டு. வயல், ரைன் ஆறு எல்லாம் தாண்டி, கோட்டோட கடைசியில ஒரு மேடு, மேல தேவாலயக் கோபுரம். அதுதான் எல்டன் மலை. அந்தக் கோபுரத்தைக் குறிவச்சுத்தான் தோட்டமே போட்டிருக்காங்க.

அடுத்த ஞாயிறு அங்க போ. எஸ்பி 58 பஸ்ல எம்மரிஷ். ரைன் மேல சிவப்பா தொங்குபாலம் வரும், ஜெர்மனியில நீளமான தொங்குபாலம் அதுதான், 803 மீட்டர். எம்மரிஷ்ல ஆர்னம் போற ரயில் ஏறினா அடுத்த நிறுத்தமே எல்டன். அங்கிருந்து நடந்தே ஏறலாம், 82 மீட்டர்தான். மேல போய் வந்த பக்கம் திரும்பிப் பாரு. போன வாரம் நீ நின்ன கிளேவே மேடு கறுப்பா ஒரு கோடு மாதிரி தெரியும். எனக்கு இந்த ஊர் பிடிச்சுப்போனது அந்த நிமிஷத்துல இருந்துதான்.

காட்டுப் பாதையில நடக்கும்போது வெட்டுப்பட்ட மண் ஓரமா குனிஞ்சு பாரு. மழை பெஞ்ச மறுநாள்னா நல்லாத் தெரியும். மஞ்சள் மணல்ல வெள்ளைக் கூழாங்கல் வரிசையா பதிஞ்சிருக்கும். கையில எடுத்தா வழவழன்னு உருண்டையா இருக்கும், நம்ம காவிரி மணல்ல கிடைக்கிற மாதிரியே. மலை உச்சியில ஆத்துக் கல் எப்படி வந்துச்சு? ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு முன்னாடி வடக்கேருந்து பனிப்பாறை இறங்கி வந்து, ஆத்துப் படுகையையே முன்னால தள்ளிக் குவிச்சிருக்கு. கிளேவே, எல்டன், நைமேகன் பக்க மேடெல்லாம் அப்படி வந்ததுதான். பனி உருகிப் போயிடுச்சு, குவியல் நின்னுடுச்சு.

எல்டனுக்கு இன்னொரு கதையும் இருக்கு. போருக்கு அப்புறம் 1949ல நெதர்லாந்து அதை எடுத்துக்கிட்டு, 1963 ஆகஸ்ட் 1ல திருப்பிக் கொடுத்தது. அதுக்கு முந்தின ராத்திரி வெண்ணெய், காபி ஏத்தின லாரிகளை வியாபாரிங்க ஊருக்குள்ள வரிசையா நிறுத்திட்டாங்க. நள்ளிரவு தாண்டினதும் லாரி நகராமலே சரக்கு ஜெர்மனிக்கு வந்தாச்சு, வரி கிடையாது. ‘வெண்ணெய் ராத்திரி’ன்னு இன்னிக்கும் சொல்றாங்க.

நைமேகன் அக்கா:
நான் எல்லைக்கு இந்தப் பக்கம். டச்சுக்காரங்க திருப்பிக் கொடுக்காம வச்சுக்கிட்ட மேடும் ஒண்ணு இருக்கு தம்பி: டுய்வெல்ஸ்பெர்க், சாத்தான் மலைன்னு அர்த்தம், 76 மீட்டர். பேக் கிராமத்துல இருந்து ஏறலாம். முழுக்கக் காடு, அதனால இலை உதிர்ந்த இந்த ஜனவரியிலதான் கீழே வால் ஆத்துச் சமவெளி கிளை நடுவுல தெரியும். அக்டோபர்ல வந்தா செஸ்ட்நட் கொட்டிக் கிடக்கும். மேல பேன்கேக் கடை இருக்கு.

அங்கிருந்து பெர்க் என் டால் ஊர் வழியா க்ரூஸ்பேக் போற ரோட்டுக்குப் பேரு ‘ஏழு குன்றுச் சாலை’. ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். ஜூலையில நடக்குற நாலு நாள் நடைப்பயணத்துல மூணாவது நாள் இதுலதான், நான் ரெண்டு தடவை நடந்திருக்கேன். சாலை ஓரத்துல கனடா வீரர்களோட கல்லறைத் தோட்டம் இருக்கு, 2,300 பேருக்கு மேல. 1945 பிப்ரவரியில அவங்க சண்டை போட்ட ரைஷ்வால்ட் காடு அங்க நின்னா கிழக்க நேரா தெரியும். அங்க போனா சைக்கிளை வாசல்லயே நிறுத்திட்டு உள்ள கொஞ்ச நேரம் நட. நிறைய கல்லுல வயசு போட்டிருக்கும், 19, 20, 21.

ஒரு எச்சரிக்கை. பெர்க் என் டால்ல இருந்து பேக் இறங்குற ரோடு செங்குத்து. முதல் வருஷம் ஈர இலையில பின்பெடல் பிரேக்கை அழுத்தினப்போ பின்சக்கரம் வழுக்கி முழங்கை தேய்ஞ்சுது, தழும்பு இன்னும் இருக்கு. அந்த இடத்துல இறங்கித் தள்ளிக்கிட்டே வா.

போடிப்பையன்:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. நேத்தே ஆம்ஃபிதியேட்டர் போனேன். முதல்ல ஒரே மூடுபனி, கால்வாய் பாதியோட நின்னுடுச்சு. மூணு மணிக்கு விலகினதும் கோபுரம் தெரிஞ்சது. வீட்டுக்கு வீடியோ கால் போட்டு அம்மாகிட்ட காட்டினேன், "எங்கடா மலை?"ன்னு கேட்டாங்க. ஞாயிறு எல்டன் போறேன். எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட் வேணுமா?

காவிரிக்கரை:
எல்டன் ஜெர்மனிதான், ஆனா பின்னால ஒரு காட்டுப்பாதை தப்பினா நெதர்லாந்து. 2024லேர்ந்து ரெண்டு பக்கமும் திரும்ப சோதனை போடுறாங்க. அதனால பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு ரெண்டையும் பையில வச்சுக்க. அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும், காலையிலேயே கிளம்பு. அம்மாவுக்கு எல்டன் மேலேருந்து கூப்பிட்டு ஆத்தைக் காட்டு.